ஜெனோவாவில் கரையிறங்காதவர்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அஜீஸுன்னிசா கணினியைத் திறந்து முதல் வேலையை எடுத்தபோது, திரை நிறைய அவள் கணவன் இஷாக் சிரித்துக்கொண்டு நின்றான்.

திண்டுக்கல் நாகல் நகரில் சேக் பரீது நடத்தும் அச்சகத்தில் அவள் பதினோரு வருடமாக டிடிபி வேலை பார்க்கிறாள். கல்யாணப் பத்திரிகை, கந்தூரி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர்களின் பிறந்தநாள் வாழ்த்து என்று ஊரில் நடக்கிற நல்லது கெட்டது எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போகும். எத்தனையோ முகங்களை வெட்டி ஒட்டியிருக்கிறாள். தன் வீட்டு முகத்தை யாரோ வெட்டி அனுப்பிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

நாலு பக்க வண்ணத் தாள். மேலே 'ஜெனோவா: கடலின் மகாராணி' என்று தலைப்பு. கீழே 'நீலவானம் மரைன் சர்வீசஸ், திண்டுக்கல். கப்பல் வேலைக்கு ஆட்கள் தேவை' என்று போட்டிருந்தது. நடுவில் ஓங்கி நிற்கும் கலங்கரை விளக்கம். அதன் அடிவாரத்துப் பூச்செடிகளுக்கு முன்னால் இஷாக்கும், அவனோடு அதே கப்பலில் இருக்கும் ராமரும் தோளில் கைபோட்டு நின்றார்கள். 'நமது ஊழியர்கள் விடுமுறை நாளில் இத்தாலியின் அழகை ரசிக்கிறார்கள்.'

அஜீஸுன்னிசா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெட்டியவனுக்குத் தொழில் தெரியவில்லை. இஷாக்கின் இடது காதில் பாதியைக் காணோம். ராமரின் கைவிரல்களுக்கு நடுவே கப்பல் கைப்பிடிக் கம்பியின் வெள்ளைப் பெயிண்ட் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தின் அசல் அவள் போனில் இருக்கிறது. மகள் ஜீனத்தின் பிறந்தநாளுக்கு இஷாக் கப்பலின் பின்பக்கத்தில் நின்று எடுத்து அனுப்பியது. அசலில் கலங்கரை விளக்கம் இருவருக்கும் பின்னால், கடலுக்கு அந்தப் பக்கம், தீக்குச்சி அளவுக்குத்தான் தெரியும். ஊழியர் குடும்பங்களுக்கென்று நீலவானம் ஏஜெண்ட் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் அவளே சந்தோஷமாக அதைப் போட்டிருந்தாள்.

இரண்டு பேரும் அந்த விளக்கின் அடிவாரத்தை மிதித்ததே இல்லை. ஐந்து மாதமாக ஜெனோவா ஊருக்கு எதிரே நிற்கிறார்கள். ஒருநாள்கூடக் கரையிறங்கவில்லை.

இஷாக் கப்பல் சமையல்காரன். அதற்கு முன்னால் கல்யாண வீடுகளில் அத்தாவின் அண்ணன் பெரியத்தாவோடு சேர்ந்து பிரியாணி தேக்சா இறக்கியவன். கை பக்குவம் நன்றாக இருக்கிறது, படித்துச் சான்றிதழ் வாங்கினால் கடலில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, போய்ப் படித்தான். இது அவனுக்கு மூன்றாவது கப்பல். 'மரியானா ஸ்டார்' என்று பெயர். நிலக்கரி ஏற்றுகிற பழைய கப்பல். ஒன்பது மாத ஒப்பந்தத்தில் போனான். இப்போது பதினேழாவது மாதம்.

கப்பல் முதலாளிக்கும் சரக்கை வாங்க வேண்டியவனுக்கும் ஏதோ வழக்கு. தீர்ப்பு வரும்வரை ஜெனோவா துறைமுகத்துக்கு வெளியே இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கச் சொல்லிவிட்டார்கள். மாற்று ஆட்களை அனுப்பினால்தான் பழைய ஆட்கள் இறங்கலாம். மாற்று ஆட்கள் வரவில்லை. கரைக்குப் போய்வரப் படகும் விடவில்லை. எந்த நேரத்திலும் புறப்பட வேண்டியிருக்கும் என்று கேப்டன் ஐந்து மாதமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதல் மாதத்தில் இஷாக்குக்கு அந்த ஊர்மேல் ஆசையாகத்தான் இருந்தது. பின்பக்கம் போய் நின்றால் கரையிலிருந்து சிக்னல் கிடைக்கும். அங்கிருந்து அவளைக் கூப்பிட்டு, எதிரே உயரமாக ஒரு விளக்குத் தூண் தெரிகிறது, என்னவென்று பார் என்பான். மலைச்சரிவில் அடுக்கடுக்காக மஞ்சளும் சிவப்புமாக வீடுகள், அதற்குள் ஒரு ரயில் நுழைந்து நுழைந்து வெளியே வருகிறது என்பான். அவள் மத்தியான சாப்பாட்டு நேரத்தில் இணையத்தில் தேடிப் படித்துச் சொல்வாள். அந்த விளக்கைக் கட்டிக் கிட்டத்தட்ட ஐந்நூறு வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் இன்னும் எரிகிறது. அந்த ஊர் ஒரு காலத்தில் தனிக் குடியரசாக இருந்து, வெனிஸ்காரர்களோடு கடலில் மல்லுக்கு நின்றது. கொலம்பஸ் அங்கேதான் பிறந்தான். இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகளும், அரசர்கள் வந்தால் தங்குவதற்கென்று வரிசையாகக் கட்டிய மாளிகைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நாம் போடுகிற ஜீன்ஸ் துணிக்கு அந்தப் பேர் வந்ததே அந்த ஊர் பேரிலிருந்துதான். இதையெல்லாம் கேட்டுவிட்டு இஷாக், துளசி மாதிரி ஒரு இலையை அரைத்துச் சட்னி செய்வார்களாமே, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துச் சொல் என்று தொழில் கேள்வி கேட்பான்.

இரண்டாவது மாதம் கேள்விகள் குறைந்தன. மூன்றாவது மாதம் அவன் எதையும் கேட்கவில்லை. அவளாக எதையாவது சொல்ல வந்தாலும், வேண்டாம் நிசா, அதைப் பேசாதே என்றான். குடிதண்ணீரை ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று அளந்து கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். காய்கறி தீர்ந்து பருப்பும் வெங்காயமும்தான் மிச்சம். சமையல்காரன் என்பதால் அத்தனை பேரும் தட்டோடு அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். காற்று கரையிலிருந்து அடிக்கும்போது ரொட்டி சுடும் வாசனை வருகிறது என்று ஒரு தடவை சொன்னான். அதற்கப்புறம் அந்த ஊரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இப்போது அந்த ஊரைத்தான் நாலு பக்கத்துக்கு அவள் கோர்க்க வேண்டும். பழைய துறைமுகம், ஐரோப்பாவின் பெரிய மீன் காட்சியகங்களில் ஒன்று, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட தேவாலயம், பக்கத்தில் மீனவக் குப்பமான பொக்கடாசே, ஒரு மணி நேர தூரத்தில் போர்ட்டோஃபினோ. 'இவை அனைத்தும் வேலையோடு உங்களுக்கு இலவசம்.' இந்தியாவைக் கண்டுபிடித்த கொலம்பஸ் என்று ஒரு வரி இருந்தது. பதினோரு வருடப் பழக்கத்தில் கை தானாக அதைத் திருத்தப் போனது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

சேக் பரீதுவிடம் போய், இந்த வேலையை நான் செய்ய மாட்டேன் அண்ணே என்றாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்து பார்த்தார். இஷாக்கை அவருக்கு நன்றாகத் தெரியும். உடனே ஏஜெண்டுக்குப் போன் போட்டு, மெஷின் ரிப்பேர், சனிக்கிழமைக்குள் முடியாது என்று சொல்லி வைத்துவிட்டார். அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றியது. அதே நேரம், ஏன் மெஷின்மேல் பழி போட வேண்டும், இது பொய் என்பதால் அடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபமும் வந்தது.

அந்தத் தாளை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு சிவனம்மாளுக்குப் போன் செய்தாள். ராமரின் அக்கா அவர். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி நிலத்தில் சோளமும் முருங்கையும் வைத்துக்கொண்டு, தாய் இல்லாத தம்பியை வளர்த்துப் படிக்கவைத்துக் கப்பலுக்கு அனுப்பியவர். அரை மணிக்கொரு தரம் வரும் பஸ்ஸைப் பிடித்து மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தார். தாளைக் கையில் வாங்கித் தம்பியைப் பார்த்ததும் முதலில் சிரித்துவிட்டார். எழுதியிருந்ததை அஜீஸுன்னிசா வாசித்துக் காட்டியதும் சிரிப்பு நின்றது.

நீலவானம் அலுவலகம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்தது. அதை நடத்தும் ஏஜெண்ட் இளஞ்செழியனை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எந்தக் கப்பலுக்கும் கேப்டனாக இருந்தவர் இல்லை. இரண்டு பெண்களையும் உட்காரச் சொல்லி டீ சொல்லிவிட்டார். படத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. ஊழியர்களின் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருப்பதாகச் சொன்னார். மாற்று ஆட்களுக்கு விசா வந்துகொண்டே இருக்கிறது என்றார். இதைத்தான் எட்டு மாதமாகச் சொல்கிறார்.

அவர்கள் ஒருநாள்கூட ஊருக்குள் போகவில்லை, போனதாக எப்படி எழுதலாம் என்று அஜீஸுன்னிசா கேட்டாள்.

"தங்கச்சி, அந்த ஊரப் பாக்குறதுக்கு அவனவன் வித்து வெலபோட்டு டூர் போறான். உன் வீட்டுக்காரர் தெனம் கண்ணு முழிச்சா அதத்தான் பாக்குறாரு, ஓசியில. இதுக்குப் போயி கோவிச்சுக்கிட்டு வந்து நிக்கிறியே" என்றார் இளஞ்செழியன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சிவனம்மாள் டீ கிளாஸை மேசைமேல் வைத்தார்.

"எந்தம்பிக்கு ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டரு தண்ணி அளந்து குடுக்குறாகளாம். எங்க ஊருல நாலு நாளைக்கு ஒருக்காத்தான் கொழாயில தண்ணி வருது. அதுலயும் நான் என் மாட்டுக்கு இதவிட அதிகமா வைக்கிறேன். நீங்க எந்த ஊர் அழகப் பத்திப் பேசுறீங்க?"

இளஞ்செழியன் பதிலுக்குக் கடியாரத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஆள் சேர்ப்புக் கூட்டம் இருக்கிறது, நிறைய வேலை கிடக்கிறது என்றார்.

அஜீஸுன்னிசா விறுவிறுவென்று படி இறங்கினாள். அந்த மனிதன் கத்தியிருந்தால்கூட இத்தனை ஆத்திரம் வந்திருக்காது. அவன் சிரித்ததும், தங்கச்சி என்றதும், ஓசியில் என்றதும்தான் உடம்பெல்லாம் தீயாக ஏறியது. ஓசியில் பார்க்கிறானாம். பதினேழு மாதம் மகளைப் பார்க்காதவன் ஓசியில் கலங்கரை விளக்கம் பார்க்கிறானாம்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரம் முழுவதும் அவள் கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். இஷாக்கின் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தாள். அதில் குறிப்பிட்டிருந்த சர்வதேச விதிகளைத் தேடி எடுத்தாள். ஒரு கடலோடியைப் பன்னிரண்டு மாதம் முடிவதற்குள் சொந்த ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அதில் பச்சையாக எழுதியிருந்தது. கரையிறங்க விட வேண்டும் என்றும் இருந்தது. கப்பல் எந்த நாட்டில் நிற்கிறதோ அந்த நாட்டு அதிகாரிகளிடமே புகார் கொடுக்கலாம், கொடுத்தவர் பெயரை அவர்கள் வெளியிடக் கூடாது என்றும் இருந்தது. இத்தனை காலம் யாரோ ஒரு கேப்டனும் யாரோ ஒரு ஏஜெண்டும் சொன்னதுதான் சட்டம் என்று நம்பிக்கொண்டு, விசா வந்ததா, விசா வந்ததா என்று குழுவில் கைகூப்பும் பொம்மை போட்டுக்கொண்டிருந்ததை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

ஜெனோவாவில் எந்த அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்று தேடியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. இளஞ்செழியனின் தாளில் பழைய துறைமுகத்து ஓரமாக ஓவியம் தீட்டிய சுவர்களோடு ஒரு மாளிகை இருந்தது. 'ராஜ அரண்மனை' என்று போட்டிருந்தார்கள். அது அரண்மனை இல்லை. எழுநூறு வருடத்துக்கு முந்தைய கட்டடம். ஒரு காலத்தில் அதில் கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். கடற்போரில் பிடிபட்ட வெனிஸ் வணிகர் ஒருவர் அங்கேதான் அடைபட்டுக் கிடந்தார் என்று சொல்கிறார்கள். அவர் நம் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்து முத்துக் குளிப்பதைப் பார்த்துவிட்டுப் போனவர். கூட அடைபட்டிருந்தவனிடம் அந்தக் கதையையெல்லாம் சொன்னாராம். இன்று அந்தக் கட்டடம் துறைமுக நிர்வாகத்தின் அலுவலகம்.

இதை இஷாக்கிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொன்னாள். கூடவே புகார் கொடுக்கப்போவதையும் சொன்னாள். கப்பல் கேப்டனுக்குத் தெரிந்தால் இனி எந்தக் கப்பலிலும் வேலை கிடைக்காது என்றான் அவன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.

அடுத்த நாள் அவன் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாள் காலை போனில் வரிசையாகப் படங்கள் வந்து விழுந்தன. காலியான அரிசிப் பெட்டி. துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி. அவன் கைப்பட எழுதிய சரக்கு இருப்புப் பட்டியல், ஐந்து மாதத்துக்கும் தேதிவாரியாக. ராமரின் ஒப்பந்தம். கடைசியில் ஒரே வார்த்தை: 'அனுப்பு.'

அஜீஸுன்னிசா ஆங்கிலத்தில் புகார் எழுதினாள். பிளஸ் டூ வரை படித்த ஆங்கிலம்தான். ஆனால் பதினோரு வருடம் பிறர் எழுதியதைத் திருத்திய கை. அழுகை ஒரு இடத்தில்கூட வராமல், தேதி, விதி, ஆதாரம் என்று மூன்று பக்கத்துக்குள் முடித்தாள். ஜெனோவாவின் கடலோரக் காவல்படைக்கும், கடலோடிகளுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்புக்கும், இந்தியக் கப்பல் துறைக்கும் அனுப்பினாள். பதில் வராவிட்டால் ஒவ்வொரு நாளும் அனுப்புவது என்று முடிவு செய்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று பல பக்கத்திலிருந்தும் இருநூறு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் டிப்ளமா முடித்தவர்கள். சிலரோடு தகப்பனார்களும் வந்திருந்தார்கள். வாசலில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். மதுரையில் அடித்திருக்கிறார்கள். அதே படம். அதே பாதிக் காது.

அஜீஸுன்னிசாவும் சிவனம்மாளும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையில் பெரிய திரை கட்டியிருந்தது. இளஞ்செழியன் நன்றாகப் பேசினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். விளக்கைக் காட்டினார், மாளிகைத் தெருவைக் காட்டினார், கடலை ஒட்டிப் பாறைமேல் தொங்கும் ஐந்து கிராமங்களைக் காட்டினார். இந்த வெயிலிலும் புழுதியிலும் கிடந்து சாக வேண்டுமா என்று கேட்டார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். முன்வரிசையில் ஒருவன் எழுந்து, லீவு நாளில் ஊரைச் சுற்றிப் பார்க்க விடுவார்களா என்று கேட்டான். தாராளமாக, தாளில் இருக்கும் இந்த இரண்டு பேரும் அதைத்தானே செய்கிறார்கள் என்றார் இளஞ்செழியன்.

சிவனம்மாள் எழுந்துவிட்டார். இதில் இருப்பது என் தம்பி, அவன் ஊருக்குள் போகவே இல்லை என்று சொல்வதற்குள் அலுவலகப் பையன்கள் இரண்டு பேர் வந்து, அம்மா வெளியே வந்து பேசுங்கள் என்று அவர் கையைப் பிடித்தார்கள். கையைப் பிடித்ததுதான் அஜீஸுன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு நடுவழியில் போய் நின்றாள். மைக் இல்லை. ஆனால் மண்டபம் அடங்கிவிட்டது.

"படத்துல நிக்கிற இவரு என் வீட்டுக்காரரு. இந்த ஊருக்கு முன்னால அஞ்சு மாசமா நிக்கிறாரு. இந்த வெளக்குக்கிட்ட போனதில்ல. இந்தத் தேவாலயத்தப் பாத்ததில்ல. இந்த மீன் காட்சிசாலையப் பாத்ததில்ல. இந்தத் தெருவுல ஒரு தடவ நடந்ததில்ல. ஒம்பது மாசம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயி பதினேழு மாசமாச்சு. நீங்க அரண்மனைன்னு காட்டுனீங்களே, அது ஜெயிலா இருந்த கட்டடம் சார். அதையாவது சரியாப் போட்டிருக்கலாம்."

பிறகு அவள் விதியைச் சொன்னாள். பன்னிரண்டு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும், கரையிறங்க விட வேண்டும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள் என்றாள். ஏஜெண்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று கப்பல் துறையின் இணையதளத்தில் பாருங்கள் என்றாள். இளஞ்செழியன் மைக்கில், குடும்பக் கஷ்டத்தில் பேசுகிறார், மன்னித்துவிடுவோம் என்றார்.

மன்னிக்கிறாராம்.

கொஞ்சம் பேர் எழுந்து போனார்கள். ஒரு தகப்பனார் மகன் கையிலிருந்த விண்ணப்பத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் பாதிக்கு மேல் ஆட்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நின்றிருந்தபோது, விண்ணப்பம் கொடுக்க வரிசை நிற்பது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. வரிசையின் கடைசியில் நின்றவன் வெளியே வந்து அவளிடம் தயங்கித் தயங்கி, "அக்கா, நீங்க சொன்னது நெசந்தான்னு தெரியுது. ஆனா இங்க இருந்து மட்டும் என்ன கிழிக்கப்போறேன்?" என்றான். அவளால் அவனைத் திட்ட முடியவில்லை. அப்படிப் பேச வைத்தவர்களைத்தான் திட்ட வேண்டும். அது யார் யார் என்று நினைத்துப் பார்த்தால் பட்டியல் நீண்டது. பெயர் கொடுக்கிறாய் என்றால் ஒப்பந்தத்தை எனக்குக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடு என்று சொல்லித் தன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளையும் சிவனம்மாளையும் நீக்கிவிட்டார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து ஜெனோவாவிலிருந்து பதில் வந்தது. நாலே வரி. புகார் கிடைத்தது, நடவடிக்கை எடுக்கப்படும். அதற்கு மறுநாள் இஷாக் கூப்பிட்டான். வெள்ளைப் படகு ஒன்று வந்து நின்றதாம். நாலு அதிகாரிகள் ஏறினார்களாம். ஒரு பெண் அதிகாரி நேராகச் சமையலறைக்கு வந்து, குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து, குழாயைத் திருப்பித் தண்ணீரைக் கையில் பிடித்து முகர்ந்து பார்த்தாராம். கேப்டனை வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லையாம். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். ஒரு வாரத்தில் காய்கறியும் தண்ணீரும் வந்தன. இத்தனை மாதமும் வராத விசா மூன்று வாரத்தில் வந்தது. ஒப்பந்தம் முடிந்த பதினான்கு பேரையும் ஊருக்கு அனுப்பாமல் கப்பல் நகரக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது.

மதுரை விமான நிலையத்தில் இஷாக்கும் ராமரும் வந்து இறங்கியபோது வாசலில் அஜீஸுன்னிசாவுக்கும் ஜீனத்துக்கும் சிவனம்மாளுக்கும் முன்னால் இளஞ்செழியன் நின்றார். பின்னால் இரண்டு பேர் பிளக்ஸ் பேனரைப் பிடித்திருந்தார்கள். 'நீலவானத்தின் தொடர் முயற்சியால் தாயகம் திரும்பும் நம் கடல் வீரர்களே வருக.' யூடியூப் சேனல்காரர் ஒருவர் கேமராவோடு தயாராக இருந்தார்.

இஷாக்கைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. சட்டை தோளில் மாட்டித் தொங்கியது. ராமர் தள்ளுவண்டியை விட்டுவிட்டு அக்காவைத் தேடிக் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்குள் இளஞ்செழியன் பாய்ந்து போய் அவன் கழுத்தில் சால்வையைப் போட்டுவிட்டார். அவன் சுபாவம் அப்படி, யார் எதைப் போட்டாலும் தலை குனிந்துவிடுவான். சிவனம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். தம்பியின் கழுத்திலிருந்து சால்வையை எடுத்தார். அவசரப்படாமல் நாலாக மடித்து இளஞ்செழியன் கைமேல் வைத்துவிட்டுத் தம்பியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

கேமரா அந்தப் பக்கம் திரும்பியது. அஜீஸுன்னிசா அதன் முன்னால் போய் நின்றாள்.

"இவுக கொண்டாரல. இவுகதான் அங்க போட்டு வச்சிருந்தாக. நாங்க எழுதிக் கேட்டு, அந்த ஊரு அதிகாரிங்க எறக்கி விட்டுருக்காக. அந்தக் கடுதாசி எல்லாம் எங்கிட்ட இருக்கு. எடுங்க."

கேமராக்காரர் கேமராவை இறக்கினார்.

"ஏன் எறக்குறீங்க? எடுங்க" என்றாள். அவர் இளஞ்செழியனைப் பார்த்தார். இளஞ்செழியன் பேனர் பிடித்தவர்களைச் சுருட்டச் சொல்லிச் சைகை காட்டினார்.

வாடகைக் காரில் திண்டுக்கல் வரும்வரை இஷாக் மகளின் தலைமேல் கை வைத்தபடி இருந்தான். சமயநல்லூர் தாண்டும்போது அவனாகவே சொன்னான். படகில் கரைக்குக் கொண்டுவந்து விட்டார்களாம். படியேறிப் பத்து இருபது அடி நடந்ததும் வேன் நின்றதாம். அந்த ஊர் விமான நிலையம் கடலை ஒட்டியே இருப்பதால் ஊருக்குள் நுழையாமலே கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம். வேனில் ஏறுவதற்கு முன் காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் ஒரு நிமிஷம் நின்றேன், ஓட்டுநர் சிரித்தான் என்றான். அஜீஸுன்னிசா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நேராகக் காவல்துறைக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டும் என்று அவள் எழுதித் தயாராக வைத்திருந்தாள். இஷாக் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நாளைக்குப் போவமா நிசா? ஒரு தூக்கம் தூங்கிட்டு வாரேன்" என்றான்.

அவன் மறுநாளும் தூங்கினான், அதற்கு மறுநாளும் தூங்கினான். நாலாம் நாள் அவனே குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். காவல்துறை அலுவலகத்தில் மனு வாங்குகிற மேசையில் இருந்தவர் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, உயிரோடு திரும்பி வந்துவிட்டீர்களே, அப்புறம் என்ன புகார் என்று கேட்டார். அஜீஸுன்னிசா மனுவை அவர் கையிலிருந்து வாங்கி, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கம் வரும்போது அவர் ரசீதுப் புத்தகத்தை எடுத்துவிட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. இரண்டு மாதத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நீலவானம் பலகை இறங்கியது. வேறு ஊரில் வேறு பெயரில் ஏறியிருப்பதாகக் கேள்வி.

அதைக் கேட்ட அன்று அவள் சேக் பரீதுவிடம் ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றாள். கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை, விதிகள், எங்கே புகார் செய்யலாம் என்கிற முகவரிகள், நடந்தது என்ன என்று ஒரு பத்தி. இந்தத் தடவை அவர் மெஷினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அச்சகத்தின் பெயரைக் கீழே போட மறந்துவிடாதே என்று மட்டும் சொன்னார்.

மெய்ப்புப் பிரதியை இஷாக் அச்சகத்திலேயே உட்கார்ந்து படித்தான். உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தான். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, பேனாவை வாங்கி, 'ஐந்து மாதம்' என்பதை அடித்தான்.

"அஞ்சு மாசமில்ல. ஆறு மாசம் பதினேழு நாளு. நாளும் போடு" என்றான்.

அவள் திரையில் அந்த வரியைத் திருத்தினாள்.